இரண்டு மதிப்பெண் தூரம்

சிமெண்ட் ஆலைகளின் வெள்ளைத் தூசி வேப்ப இலைகளின்மேல் சலித்த மாவுபோல் படிந்து கிடக்கும் அந்த ஊரில், பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில், பத்தாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கிய அன்று, காலை டீ வருவதற்கு முன்பே முதல் விருந்தாளி வந்து சேர்ந்துவிட்டான்.

நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் ஒரு பை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வாசலில் இருந்த வாட்ச்மேனிடம் முதலில் ஆங்கிலத்தில் நலம் விசாரித்தான். பிறகு, தன் நண்பன் கோடை விடுமுறைக்குத் தன்னை அழைத்திருப்பதாகவும், நண்பனின் பெயர் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றும், வீடு ஒய் ஒய் ஒய்யில் இருக்கிறது என்றும், அங்கே போக எந்த பஸ் ஏற வேண்டும் என்றும் கேட்டான். வாட்ச்மேன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இங்கிலீசு சமாச்சாரமெல்லாம் உள்ள போயிக் கேட்டுக்க தம்பி" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஜன்னலோரத்து மேசையில் சவரிராயன் மாஸ்டர் அன்றைய முதல் தாளின் கடிதத்துக்கு ஐந்துக்கு ஐந்து போட்டு, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தை அப்போதுதான் முடித்திருந்தார். வட்டம் மூடியதும் கேட் திறந்தது. அடுத்த தாளுக்கும் ஐந்து போட்டார்; அதே சட்டை, அதே பை, அதே படிய வாரிய தலையோடு இன்னொருவன் மைதானத்தைத் தாண்டி வந்தான். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது வேப்பமரத்தடியில் விருந்தாளிகள் உட்கார்ந்ததுபோக ஆசிரியர்கள் டிபன் பாக்ஸைத் திறக்க நிழல் இல்லை.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. முகாம் என்றால் ஏதாவது நடக்கத்தான் செய்யும். ஒரு வருஷம் அம்மை பரவியது, ஒரு வருஷம் கூரையில் தேனீ கூடு கட்டி எல்லோரையும் கொட்டியது, இந்த வருஷம் விருந்தாளி.

"கூப்பிட்டா வரத்தான சார் செய்வாங்க" என்றார் பக்கத்து மேசைக் கோமளவல்லி டீச்சர். "லீவுக்கு நண்பனைக் கூப்பிட்டு லெட்டர் எழுதுன்னு வருசா வருசம் கேக்குறோம். இத்தன வருசம் ஒருத்தன்கூட வராம இருந்தானுங்களே, அதுதான் சார் அதிசயம்."

தேர்வு எழுதும் பிள்ளைகள் தாளில் எங்கேயும் சொந்தப் பெயரையோ ஊரையோ எழுதக் கூடாது என்பது சட்டம். எழுதினால் தாள் யாருடையது என்று தெரிந்துவிடும். அதனால் கடிதத்தில் பெயருக்கு மூன்று எக்ஸ், முகவரிக்கு மூன்று ஒய் போடப் பழக்கியிருந்தார்கள். பாவம், வந்தவர்களுக்குத் தேட ஊரும் இல்லை, தட்டக் கதவும் இல்லை. எங்கே தங்கள் கடிதம் இருக்கிறதோ அங்கேயே வந்து நின்றார்கள்.

அவர்கள் எல்லோரும் ஒரே அச்சாக இருந்ததன் காரணம் சவரிராயனுக்கு மட்டும் உடனே விளங்கியது. மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று மாவட்டத்தில் ஒரு கையேடு போட்டார்கள். அதில் மாதிரிக் கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். நான் இங்கு நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல். எங்கள் ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் பல உண்டு. என் அம்மா சுவையான உணவு சமைப்பார். தேர்வு முடிவு வரும்வரை நீ எங்களோடு தங்கலாம். உன் பெற்றோருக்கு என் வணக்கம். எந்தப் பிள்ளையும் தவறில்லாமல் மனப்பாடம் செய்யலாம், எந்தத் திருத்துபவரும் யோசிக்காமல் ஐந்து போடலாம். எழுதும்போது அவர் யாரையும் மனதில் நினைத்திருக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, வந்தவர்களின் முகம் ஈரத் துணியால் துடைத்த கரும்பலகைபோல இருந்தது. பார்க்கும்போது முகம்தான்; திரும்பியதும் நினைவில் நிற்காது.

ஊர் அவர்களை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதல் இரண்டு நாள் சத்துணவுக் கூடத்தில் சோறு போட்டார்கள். அரிசி தீர்ந்ததும் தேவாலயத்தில் கஞ்சி ஊற்றினார்கள். கஞ்சி தீர்ந்ததும் தெருவுக்கு இவ்வளவு பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். எதைப் போட்டாலும் உணவு சுவையாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்கள், நேற்றைய குழம்பையும் அப்படியே சொன்னார்கள், அதனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டிராத பெண்கள் தங்கள் பங்குக்கு மேலும் ஒருவனைக் கேட்டு வாங்கினார்கள். குழந்தைகளுக்கு அவர்களைச் சுற்றிக்காட்ட ஒரு வேலை கிடைத்தது. பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லாத அந்த ஊரில், பழுதான தண்ணீர்த் தொட்டியையும் லாரி எடைமேடையையும் காட்டினார்கள், அவர்கள் கண்ணை விரித்து, எவ்வளவு அழகு என்றார்கள். எடைமேடைக்காரர் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் அதற்குப் பெயிண்ட் அடித்தார்.

"மாப்பிள்ளைக்குக் குறையே இல்ல. சம்பளம் கேக்கல, சண்டை போடல. ஊர் பேருதான் சொல்லத் தெரியல" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதற்கு, "உனக்கு மட்டும் தெரியுமாக்கும்? உன் ஊரத்தான் போன வருசமே தோண்டிட்டானே" என்றார் இன்னொருவர். சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது. சுண்ணாம்புக் கல்லுக்காக ஆலைக்காரர்கள் ஒவ்வொரு கிராமமாக வாங்கித் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லா விருந்தாளியும் ஒரே தூரம் வரவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. ஐந்து மதிப்பெண் கடிதத்துக்கு வந்தவன் பள்ளிக்கூடத்துக்குள் வந்தான். நாலு வாங்கிய கடிதத்தின் விருந்தாளி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றான். கையைப் பிடித்து இழுத்தாலும் உள்ளே வர முடியவில்லை. மூன்றுக்கு வந்தவர்கள் கடைத்தெருவோடு சரி. இரண்டுக்கு வந்தவர்கள் பஸ் நிலையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்து போவதும் வருவதுமாக இருந்தார்கள், கண்டக்டர்கள் முகாம் அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார்கள். ஒன்று வாங்கியவர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள்போல, காற்றில் ஒரு பேச்சுச் சத்தமாக மட்டும் இருந்தார்கள்.

வெயிலில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து ஆசிரியர்களுக்கு மனம் இளகியது. நாலை ஐந்தாக்கினார்கள். சவரிராயனும் ஆக்கினார். முகாமின் முதன்மைத் தேர்வாளர் புகழேந்தி பச்சை மைப் பேனாவோடு மேசை மேசையாக வந்தார்.

"என்ன சார், சத்திரம் நடத்துறீங்களா? கடிதத்துக்கு அஞ்சு. ரெண்டு அமைப்புக்கு, மூணு விஷயத்துக்கு. விஷயம்னா விடைக்குறிப்புல இருக்குற விஷயம். உங்களுக்குக் கண்ணு கலங்குச்சான்னு குறிப்புல கட்டம் போடல. முப்பது வருச சர்வீஸ்ல இருக்கீங்க, நான் சொல்லித் தரணுமா?"

எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னது சவரிராயனுக்கு நெஞ்சில் தைத்தது. அடுத்த நாள் ஒரு அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போடவில்லை. அந்த நாளின் மதியத்தில்தான் அந்தத் தாள் வந்தது.

கையெழுத்து கொடிக்கயிற்றில் காயும் துணிபோல மேலும் கீழுமாக இருந்தது. கடிதம் நண்பனுக்கு இல்லை, அக்காவுக்கு. முகவரி இல்லை, தேதி இல்லை, முடிவில் கையொப்பமும் இல்லை. தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் அந்தப் பிள்ளை எழுதியிருந்ததன் பொருள் இதுதான்:

அக்கா, நீ வா. ரிசல்ட்டுக்கு முன்னால் வா. ரிசல்ட்டுக்குப் பிறகு வீடு இல்லை, அங்கே குழி. எல்லோரும் போய்விட்டார்கள், அப்பா மட்டும் சின்னவள் பாஸாகட்டும் என்று தவணை கேட்டு வாங்கினார். அப்பா இப்போது கோபம் இல்லை. அப்பா உட்கார்ந்திருக்கிறது. நீ போன அன்று திறந்த கதவு, அப்பா சாத்தவில்லை. முகவரி எழுதவில்லை, உனக்கு வீடு தெரியும்.

சவரிராயன் பேனாவை மூடினார், திறந்தார். மனப்பாடம் செய்யாத ஒரு வரியைப் படித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தார். பிறகு விடைக்குறிப்பைப் பார்த்தார். பார்க்க வேண்டிய இடங்கள், இல்லை. உணவு, இல்லை. பெற்றோருக்கு வணக்கம், இல்லை. எதிர் மேசையில் பச்சைப் பேனா எதையோ அடித்துக்கொண்டிருந்தது. அக்கா என்று விளித்ததற்கு அரை, வரச் சொல்லி அழைத்ததற்கு ஒன்றரை. இரண்டு போட்டார். வட்டம் போட்டார். கேட் திறக்கவில்லை. சாயங்காலம் கட்டு சீலாகி வேனில் ஏறிப் போனது.

மறுநாள் காலை, கோமளவல்லி டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக வந்தார்.

"சார், ரயில்வே கேட்டாண்ட ஒரு பொண்ணு நிக்குது. நம்ம விருந்தாளிதான் போல, ஆனா நம்மளது மாதிரி இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுக்கு முகம் இருக்கு சார்."

ஊருக்கு மேற்கே, குழிகளையும் கல் லாரிகளையும் நோக்கிப் போகும் பாதையில் இருந்தது அந்த ரயில்வே கேட். சவரிராயன் போனபோது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கேட் கீப்பர் கலியபெருமாளின் கூண்டுக்குப் பக்கத்தில், ஒரு இளம்பெண் வயர் கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றிருந்தாள். வலது புருவத்தில் ஒரு தழும்பு. இரண்டு நாள் தூங்காத கண். பெயர் கலைவாணி என்றாள். எங்கிருந்து வந்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த விருந்தாளிகள் யாருக்கும் வந்த வழி மட்டும்தான் தெரியும், இருந்த இடம் தெரியாது.

"தங்கச்சி கூப்பிட்டா சார். டவுன்ல இறங்கி விறுவிறுன்னு நடந்து வந்துட்டேன். இந்த இடத்துக்கு மேல காலு போவல."

"தூக்கியும் பாத்தாச்சு வாத்தியாரே" என்றார் கலியபெருமாள். "என் வண்டியில பின்னாடி உக்காத்தி வச்சு தண்டவாளத்தத் தாண்டுனேன். தாண்டித் திரும்பிப் பாத்தா பின்னாடி சீட்டு காலி. அந்தப் பக்கமே நிக்குது. ஏம்மா, என் வண்டி மேல நம்பிக்கை இல்லியான்னு கேட்டேன், பாவம், அழுதுருச்சு."

மற்ற இரண்டு மதிப்பெண்காரர்கள் பஸ்ஸிலேயே இருக்க, இவள் மட்டும் இவ்வளவு தூரம் வந்தது, போகிற வீடு இவளுக்குத் தெரியும் என்பதால்தான். ஐந்தில் இரண்டு. அது இவளை டவுனிலிருந்து சரியாக இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. சவரிராயன் அவள் காலைப் பார்த்தார். வெள்ளைத் தூசி கணுக்கால்வரை ஏறியிருந்தது.

"கவலப்படாதம்மா. ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. நான் சரி பண்றேன். நீ உன் வீட்டுக்கே நடந்து போவ."

அவர் அந்தச் சொல்லை மனதாரத்தான் சொன்னார். முப்பது வருஷம் திருத்துகிற வேலையில் இருந்த மனிதருக்குத் தப்பு என்றால் அது தாளில் இருக்கும், சரி என்றாலும் அது தாளில்தான் இருக்கும்.

புகழேந்தியிடம் போனார். "கட்டு போயிடுச்சு சார். ரகசிய எண் போட்டாச்சு, கூட்டியாச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. மார்க் மாத்தணும்னா அந்தப் பிள்ளையே மறுமதிப்பீடு கேட்டு விண்ணப்பிக்கணும்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "அதுவும் ரிசல்ட்டுக்கு அப்புறம்தான்."

"ரிசல்ட் வந்தா அவ போயிடுவா சார். அதுக்கு முன்னால வான்னுதான் தங்கச்சி எழுதிருக்கா. விருந்தாளிங்க எல்லாருமே அதுவரைக்கும்தான் தங்குவாங்க. நான்தான கையேட்டுல அப்படி எழுதுனேன்."

"அப்ப அதையும் கொஞ்சம் யோசிச்சு எழுதிருக்கலாம்" என்றார் புகழேந்தி. பச்சைப் பேனாவை மூடிவிட்டு, "மேலிடத்துக்கு ஒரு மனு போடுங்க. நான் பரிந்துரை பண்றேன்" என்றும் சொன்னார்.

சவரிராயன் மனு எழுதினார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்த, ஒரு குறை சொல்ல முடியாத மனு. அது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. நினைவூட்டல் எழுதினார். உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. முகாம் முடிந்து மற்றவர்கள் ஊருக்குப் போன பிறகும் அவர் தினமும் அந்த ஊருக்கு பஸ் ஏறி வந்தார். அலுவலகத்தில் விசாரிப்பார், பிறகு யாருடைய வண்டியையாவது வாங்கிக்கொண்டு ரயில்வே கேட்டுக்குப் போவார். போகும்போது கலைவாணிக்கு இட்லிப் பொட்டலம் வாங்கிப்போவார். பாத்துக்கிட்டே இரு, இந்த வாரத்துல ஆர்டர் வந்துரும் என்பார்.

கலைவாணியையும் ஊர் எடுத்துக்கொண்டது. லாரி டிரைவர்கள் தார்ப்பாயில் ஒரு கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். கலியபெருமாளின் மனைவி ராத்திரிக்கு வந்து துணைக்குப் படுத்துக்கொண்டாள். கேட் மூடியிருக்கும்போது காத்திருக்கும் ஆட்கள் அவளிடம் குறை சொல்லிக்கொள்ளப் பழகினார்கள். யாருடைய கதையையும் அவள் குறுக்கிடாமல் கேட்டாள். ஆனால் யாரோடு பேசினாலும் அவள் முகம் மேற்கே திரும்பியிருந்தது.

ஒருநாள் இட்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, "சார், எங்கப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அப்பாவப் பத்தி நீ கவலப்படாத. நீயே போயிப் பாக்கத்தான போற. நான் இருக்கேன்ல?"

அவள் தலையாட்டினாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

மனு நகரவில்லை என்றானதும் சவரிராயனுக்கு வேறொன்று தோன்றியது. கடிதம்தானே கூட்டிவருகிறது? மதிப்பெண் குறைந்த கடிதத்தை விட்டுவிட்டு நாமே ஒன்றை எழுதினால் என்ன? வீட்டில் உட்கார்ந்து, கலைவாணியின் தங்கையாகத் தன்னைப் பாவித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் கொட்டி எழுதினார். முகவரி, தேதி, விளிப்பு, முடிப்பு. எத்தனை தடவை படித்தாலும் ஒரு காற்புள்ளி எடுக்கவோ சேர்க்கவோ இல்லாத கடிதம். சிவப்பு மையில் ஐந்து போட்டார், வட்டம் போட்டார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. தோளில் பை. அவன் அவருடைய நலத்தை விசாரித்தான், அவருடைய பெற்றோருக்கு வணக்கம் சொன்னான். அவருடைய பெற்றோர் இறந்து பல வருஷமாகியிருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, காட்சி எவ்வளவு அழகு என்றான். முப்பது வருஷமாக இத்தனை பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதச் சொல்லித் தந்திருக்கிறோமே, ஒருத்தரையாவது நிஜமாகக் கூப்பிடச் சொல்லித் தந்தோமா என்று சவரிராயன் தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் சொல்ல வேண்டிய ஆளும் அவரே என்பதால் கேள்வி அப்படியே நின்றது.

நடந்ததைக் கோமளவல்லி டீச்சரிடம் சொன்னபோது அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏன் சார், நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு தண்டவாளத்தத் தாண்ட முடியாது, சரி. அவங்கப்பா தாண்டலாம்ல? நேரா போயி, உங்க பொண்ணு இங்க நிக்குதுன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தா ஆச்சு."

கலைவாணியின் ஊருக்கு பஸ் நின்று வெகுநாளாகியிருந்தது, அங்கே ஆளில்லை, லாரிக்காரர்கள் குழியோடு திரும்பிவிடுவார்கள், அதனால் செய்தி போகவில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் சவரிராயனுக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றவில்லையா, அல்லது தோன்றிய இடத்தை அடித்துவிட்டாரா? அங்கே போனால் அந்தச் சின்னப் பெண் முகத்துக்கு நேரே கேட்பாள்: அக்கா ஏன் சார் பாதியில நிக்கிறா? யாரு நிறுத்துனது?

"மார்க்கத் திருத்தியாச்சுன்னா அவ முறையா வீட்டுக்கே போவா டீச்சர். இன்னும் நாலு நாள் பாத்துட்டு..." என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அந்த நாலு நாளுக்கு விலை இருந்தது. முடிவை அறிவித்த தேதிக்கு முன்னாலேயே வெளியிட்டுவிட்டார்கள். காலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது, முன்சீட்டில் ஒரு பிள்ளையும் தாயும் இன்றைக்குப் பத்து மணிக்கு ரிசல்ட் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. டவுனில் இறங்கினால், தெருத் தெருவாக விருந்தாளிகள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இனிய விடுமுறைக்கு நன்றி என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் தெரியாத அந்த முகங்களைப் பிடித்துக்கொண்டு பெண்கள் அழுதார்கள். வழிக்கு வைத்துக்கொள் என்று முறுக்கு கட்டிக் கொடுத்தார்கள். டீக்கடைக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு சவரிராயன் பறந்தார்.

கலைவாணி கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"இங்கயே இரும்மா. உங்கப்பாவக் கூட்டிக்கிட்டு வரேன்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். இத்தனை நாள் சொல்ல வந்து விழுங்கியது அந்தப் பார்வையில் இருந்தது. "சீக்கிரம் போங்க சார்" என்றாள்.

குழிகளுக்கு நடுவே திரும்பித் திரும்பிப் போன பாதையின் முடிவில், இடித்த சுவர்களுக்கிடையே ஒரே ஒரு வீடு நின்றது. திறந்த கதவு. வாசலில் ஒரு மனிதர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராசேந்திரன் என்ற அந்த மனிதரிடம், பைக்கிலிருந்து இறங்காமலே, மூச்சு வாங்க, சவரிராயன் சொன்னார்: "உங்க மூத்த பொண்ணு வந்திருக்கு. ரயில்வே கேட்டுல நிக்குது. அதுக்கு மேல அதால வர முடியாது. நீங்கதான் வரணும்."

கோபிப்பார், மறுப்பார், வேண்டுமென்றால் அவளே வரட்டும் என்பார் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ராசேந்திரன் எழுந்துவிட்டார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார், பொத்தான் மாறிப் போனது.

"எப்ப வந்தா?"

"வந்து... முகாம் நடக்கும்போதே."

"ஏன் சார், முதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்குள் உள்ளேயிருந்து சின்னவள் பவதாரணி ஓடிவந்து, தலைகூட வாராமல் பைக்கின் நடுவில் ஏறிக்கொண்டாள். மூன்று பேரோடு வண்டி கல் பாதையில் துள்ளியது. முன்னால் சுமையேறிய லாரிகள் வரிசையாக ஊர்ந்தன, ஒதுங்க இடமில்லை, சவரிராயன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

கேட் திறந்திருந்தது. கலியபெருமாள் மட்டும் பாதை நடுவில் நின்றிருந்தார்.

"இப்பத்தான் வாத்தியாரே" என்றார். "டீ வாங்கிக் குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சா. வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டா. நான் திரும்பிப் பாத்தேன், அவ்வளவுதான், ஆளக் காணோம்."

ராசேந்திரன் வண்டியிலிருந்து இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். எல்லா மனிதரும் தாண்டுவதுபோலத் தாண்டினார். அவர் காலை யாரும் பிடிக்கவில்லை. தார்ப்பாய் கூடாரத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, "இங்கயா நின்னா?" என்று கேட்டார். கலியபெருமாள் கொஞ்சம் இடப்பக்கமாகக் கை காட்டினார். அவர் நகர்ந்து சரியாக அந்த இடத்தில் நின்று, மேற்கே திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பவதா, இங்க வா. இங்கேருந்து நம்ம வீட்டுப் புளியமரம் தெரியுது."

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். வெள்ளைக் கல் மேடுகளுக்கு மேலே, கையளவு பச்சை தெரிந்தது.

"பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கா" என்றார் அவர்.

டவுன் பக்கத்தில் எங்கோ பட்டாசு வெடித்தது. யாரோ பாஸாகிவிட்டார்கள். பவதாரணி தன் முடிவைப் பற்றிக் கேட்கவில்லை. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்ட சவரிராயனிடம் திரும்பி, "என் லெட்டர நீங்களா சார் திருத்துனீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"எவ்வளவு போட்டீங்க?"

அவர் சொன்னார். சொல்லிவிட்டு, வரப்போகிற எதையும் வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டா?" என்றாள் அவள். புளியமரத்தை ஒரு முறை பார்த்தாள், டவுன் பக்கம் நீண்டு கிடந்த பாதையை ஒரு முறை பார்த்தாள். "ரெண்டு மார்க்குக்கேவா சார் எங்கக்கா இவ்வளவு தூரம் வந்தா?"

அதில் குற்றச்சாட்டு ஏதாவது இருந்திருந்தால் சவரிராயன் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் தன் அக்காவை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள்.